செக்கிங் அக்காவிடம் பாஸாகாத தர்மம்

தானம் கொடுக்க வந்தவர்களைத் தலைகுனிய வைத்துத் திருப்பி அனுப்பிய ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து இந்தப் பூலோகத்திலேயே, அல்சூரில் எங்கள் தமிழ்ச் சபையின் பின்பக்க அறையில்தான் இருந்தார். உண்டியலில் போட்டதை உண்டியலே துப்பினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எங்கள் சபையாருக்கு.

சபைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் நிச்சயமாக இருந்தது. எழுதியவனே நான்தான். தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் சபையின் உதவிக் கமிட்டிச் செயலாளர். ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்கா. பொம்மனஹள்ளியில், வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் கம்பெனி ஒன்றில் செக்கர் வேலை. தைத்து வரும் சட்டையை மேஜையில் விரித்து, காலர், கை, பட்டன் என்று கண்ணால் துழாவி, கோளாறு இருக்கும் இடத்தில் நகத்தளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஆறு நாள் இந்த வேலை. ஏழாம் நாள் ஓய்ந்திருக்கச் சொல்லி வேதாகமத்திலேயே இருக்கிறது. அக்காவோ ஏழாம் நாள் இரண்டு பஸ் மாறி அல்சூருக்கு வந்து எங்களை ஓய்ந்திருக்க விடாமல் செய்தார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உதவி ஞாயிறு. ஆராதனைக்கு வருகிறவர்கள் துணிமணி, அரிசி, சோப்பு என்று முடிந்ததைக் கொண்டுவருவார்கள். ஓசூர் ரோட்டுப் பக்கம் இருக்கும் பெண்பிள்ளைகள் இல்லத்துக்கும், கோலார் தங்கவயலில் இருக்கும் முதியோர் இல்லத்துக்கும் அவை போகும். அக்கா வருவதற்கு முன்னால் நடைமுறை வெகு சுலபம். சாக்கில் போட்டுக் கட்டுவோம், பாஸ்டர் ஐயா கைவைத்து ஜெபிப்பார், வண்டி ஏற்றுவோம். மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது கொடுத்தவருக்குச் செய்கிற அவமரியாதை என்று பெரியவர்கள் நினைத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லோரும் அந்தப் பெரியவர்களேதான் என்பது வேறு விஷயம்.

அக்கா வந்த முதல் மாதமே ஒரு சாக்கைப் பிரித்து மேஜையில் கவிழ்த்தார். ஜோடி இல்லாத ஒற்றைச் செருப்பு. ஜிப் போன பேன்ட் ஒரு கத்தை. எலி கடித்த கம்பளி. வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவர் அனுப்பிய நீச்சல் உடை. அந்தச் சாக்கின் மேல் என் கைப்பட எழுதியிருந்தது: முதியோர் இல்லம்.

"இன்னா தம்பி இது?" என்று நீச்சல் உடையை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"உதவிப் பொருள்க்கா."

"யாருக்கு உதவி? அங்க இருக்கிற கிழவிங்களுக்கா, இத்த குடுத்தவங்க வூட்டு பீரோவுக்கா?"

சாக்கின் மேல் இருந்த என் எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு அக்கா கம்பெனியிலிருந்து பழைய ஸ்டிக்கர் சுருள் ஒன்றோடு வந்தார். அறையில் மூன்று குவியல் பிறந்தது. நல்லது ஒரு குவியல். தைத்துச் சரிசெய்யக்கூடியது ஒன்று. மூன்றாவது, கொடுத்தவருக்கே திரும்பிப் போக வேண்டியது. மூன்றாவதுதான் எப்போதும் மலையாக நின்றது. இரண்டாவதை அங்கேயே உட்கார்ந்து கொக்கி வைத்து, ஓரம் அடித்து, அக்காவே முடித்துவிடுவார்.

திருப்பிக் கொடுப்பதையாவது ரகசியமாகச் செய்தாரா என்றால், அதுவும் இல்லை. ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் டீ குடிக்கும் நேரம் பார்த்து, அம்பு ஒட்டிய துணியோடு நேரே போய் நிற்பார். பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் ஒரு பட்டுச் சேலை கொடுத்திருந்தார். முந்தானையில் இஸ்திரிப் பெட்டி வடிவத்திலேயே ஓர் ஓட்டை.

"மடிச்சுக் கட்டினா தெரியாதும்மா," என்றார் டீச்சர்.

"அப்டியா டீச்சர்? அப்ப வர்ற வாரம் நீங்க மடிச்சிக் கட்டிக்கினு பாட வாங்க. எனக்குத் தெரியலன்னா நானே பேக் பண்ணி அனுப்பிடறேன்."

டீச்சர் டீயைக் கீழே வைத்துவிட்டு அழுதுகொண்டே ஆட்டோ ஏறினார். மூன்று வாரம் பாடகர் குழு சுருதி தெரியாமல் அலைந்தது. நாலாவது வாரம் டீச்சர் வந்தார். கையில் ஒரு பை. உள்ளே மடிப்புக் கலையாத இரண்டு காட்டன் சேலைகள். அக்கா அதையும் வெளிச்சத்தில் பிடித்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

நானும் தப்பவில்லை. இரண்டு சட்டை கொடுத்தேன். என் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, இரண்டின் காலரிலும் அம்பு ஒட்டிக்கொண்டு அக்கா வந்தார்.

"செகரட்ரி தம்பி, இத்த போட்டுக்கினு ஆபீஸ் போவீங்களா?"

"ஆபீஸுக்குப் போட முடியாதுக்கா. வீட்ல போட்டுக்கலாம்."

"அப்ப வூட்ல போட்டுக்கோங்க." சட்டையை என் தோளிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்தச் சட்டைகளை நான் வீட்டில் போட்டுக் கிழித்தேன். தூக்கிப் போடப் பயம். எப்படியோ அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றும்.

இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் உண்மையில் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது. அந்த மேஜையில் நான் என்னென்ன பார்த்தேன் தெரியுமா? தேதி முடிந்த பால் பவுடர் டின். பாதி தேய்ந்த சோப்பு, அதில் ஒட்டிய முடியோடு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கி முடித்த நோட்டுப் புத்தகம், பின்னால் நாலு பக்கம் மிச்சம் இருக்கிறதாம். ஆராதனையில் எழுந்து நின்று, "எங்களையே உமக்குக் காணிக்கையாகத் தருகிறோம்" என்று கண்மூடி உருகுகிற ஆட்கள்தான் வீட்டுக்குப் போய்க் கண்ணைத் திறந்து, எதைக் கழித்துக் கட்டலாம் என்று அலமாரியைத் தேடியிருக்கிறார்கள். ஏழைக்கு இது போதும் என்று இவர்களுக்குச் சொன்னது யார்? குப்பை வண்டிக்குக் கொடுக்க வெட்கப்படுகிற சாமானைச் சபைக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற நெஞ்சழுத்தத்தை என்னவென்று சொல்வது? நானும் அதே வரிசையில் நின்றவன்தான். அதனால்தான் கோபம் இரட்டிப்பாக வருகிறது.

அக்காவின் கோபத்துக்குப் பின்னால் உருக்கமான கதை ஒன்று இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியின் மகள். சின்ன வயசில் யாரோ கொடுத்த கிழிந்த கவுனைப் போட்டுக்கொண்டு அழுதிருப்பார் என்று நானே கதை கட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன்.

"யார் சொன்னது?" என்று ஊசியைக் கீழே வைத்தார். "எங்கப்பா மைன்ல கங்காணி. கிறிஸ்மஸ் வந்தா ஆறு பேருக்கும் புதுத் துணி, புது ஷூ. கிழிஞ்சத நான் போட்டதே இல்ல."

"அப்ப ஏன்க்கா உங்களுக்கு இவ்ளோ கோவம்?"

"நல்லா கீதே கத! நான் கிழிஞ்சது போட்டிருந்தாதான் கிழிஞ்சது தப்புன்னு சொல்லணுமா? உங்களுக்குக் கோவம் வரலன்னா அதுக்கு இன்னா காரணம்னு யாரும் கேக்கலியே?"

அப்போதெல்லாம் சபையில் எனக்குச் சாந்தகுணம் உள்ளவன் என்று நல்ல பெயர். அந்தக் கேள்வியையும் சாந்தமாகச் சிரித்து மழுப்பினேன்.

உடலுழைப்புக் கொடுக்க வருகிறவர்களையும் அக்கா விட்டுவைக்கவில்லை. வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் முளைத்த புதிதில், எங்கள் சபை உறுப்பினர் ஒருவரின் ஆபீஸிலிருந்து ஏழெட்டுப் பேர் ஒரே மாதிரி டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, 'சேவை செய்ய' கேமராவோடு வந்தார்கள். குழுவுக்குத் தலைவர் ஒரு மேனேஜர். மூட்டைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து முடித்ததும், "வேற என்ன செய்யணும் மேடம்?" என்று அக்காவிடம் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. அக்கா கதவைச் சாத்தி, ஆளுக்கு ஓர் ஊசியும் பத்துச் சட்டையும் கொடுத்துவிட்டார். மேனேஜர் மடியில் சட்டையை வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் வியர்த்து விறுவிறுத்து ஒரு பட்டனை வெற்றிகரமாகத் தைத்து முடித்தார். எழுந்தபோது சட்டையும் கூடவே எழுந்தது. தன் பேன்ட்டோடு சேர்த்துத் தைத்திருக்கிறார். "பரவால்ல சார், தையல் கெட்டியா கீது," என்றார் அக்கா. அவர் பாராட்டி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். நடுவில் லேஅவுட் ஐயா வந்தார்.

வைட்ஃபீல்ட் பக்கம் ராகி விளைந்த நிலங்களை வாங்கி, கல் நட்டு, லேஅவுட் பிரித்து, சைட் என்கிற வீட்டுமனைகளாக விற்றவர் என்பதால் அந்தப் பெயர். சபையில் ஃபேன், மைக், பெஞ்சு எதைத் தொட்டாலும் அவர் பெயர் கையில் ஒட்டும். ஞாயிறு பள்ளி நடக்கும் ஹாலுக்குப் புதுக்கூரை போட்டுத் தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த டிசம்பரில், இல்லத்துப் பெண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் புது ஸ்வெட்டர் கொண்டுவந்து இறக்கினார். கடல் நீல நிறம், நல்ல கனம். பெங்களூர் டிசம்பர்க் குளிரில் காலை ஏழு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிற பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது. நானே சந்தோஷத்தில் ஒன்றைத் தடவிப் பார்த்தேன். அக்கா அதை வாங்கித் திருப்பினார்.

முதுகில், மஞ்சள் நூலில், உள்ளங்கை அகல எழுத்தில் எம்பிராய்டரி. லேஅவுட் ஐயாவின் பெயர். கீழே கம்பெனி பெயர். அதற்கும் கீழே போன் நம்பர்.

டீ நேரத்தில் நன்றியைக் கேட்டு வாங்கிப் போக ஐயா அறைக்குள் வந்தார். ஸ்வெட்டர்கள் வரிசையாக மேஜையில் குப்புறக் கிடந்தன. ஒவ்வொன்றிலும், போன் நம்பரைப் பார்த்தபடி ஒரு சிவப்பு அம்பு.

"என்னம்மா இது? கம்பெனியில இருந்து நேரா வந்த சரக்கு. ஒரு நூல் பிரிஞ்சிருக்கா, காட்டு."

"நூல் பிரியல ஐயா. நூலு ஜாஸ்தி கீது."

"நாலு பேர் பார்த்தா அவங்களுக்கும் கொடுக்கத் தோணும்ல?"

"குடுக்கத் தோணுமா, சைட்டு வாங்கத் தோணுமா?"

கதவருகே கூட்டம் சேர்ந்துவிட்டது. பாஸ்டர் ஐயா டீயோடு ஓடிவந்தார். அக்கா குரலை இறக்கவில்லை. "உங்க பொண்ணு காலேஜுக்குப் போவுதே ஐயா, அது முதுகுல இந்த நம்பர எழுதி அனுப்புவீங்களா? வயசுக்கு வந்த புள்ளைங்க ரோட்ல நிக்கிதுங்க. ஆம்பளைங்க கண்ணு முன்னால முதுகுல நம்பரு! இத்த நான் அனுப்ப மாட்டேன்."

ஐயா விறுவிறுவென்று வெளியே நடந்தார். காரில் ஏறிப் போனார். சாயந்திரமே கமிட்டி கூடியது. அந்தப் பெண் அறையில் இருக்கிற வரையில் கூரை பற்றிப் பேச வேண்டாம் என்று ஐயா சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோரும் மேலே பார்த்தார்கள். ஹாலின் பழைய தகரம் எங்களைப் பார்த்தது. 'பொருட்களைப் பரிசோதிக்கும் முறை தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது' என்று தீர்மானம். எழுதியது நான். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று சொல்வார்கள். அன்றும் அழகாகத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு அக்காவிடம் போய்ச் சொன்னேன். கொக்கி வைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"சரி, நான் வரல. ஸ்வெட்டர மட்டும் ஒரு வாரம் குடுங்க. எழுத்தப் பிரிச்சிக் குடுத்துடறேன். பிள்ளைங்க போட்டுக்கட்டும்."

"நாளைக்கு வண்டி வருதுக்கா."

"வண்டிய நிறுத்துங்க."

"கமிட்டி…"

"தம்பி, கமிட்டிய வுடுங்க. நீங்க இன்னா சொல்றீங்க?"

நான் பதிவேட்டை மூடிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் வண்டி வந்தது, ஸ்வெட்டர்கள் போயின, திருப்பிக் கொடுக்க வேண்டிய மூன்றாவது குவியலும் கூடவே போனது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த நிமிஷத்தை நினைத்தால் என்னை நானே நாலு அறை விடலாம் போல இருக்கிறது.

அக்கா இல்லாத உதவி ஞாயிறு ஒரே கொண்டாட்டம். யாரும் யாரையும் கேள்வி கேட்கவில்லை. மூட்டைகள் இரு மடங்காகப் பெருகின. "இப்பதான் சபையில சமாதானம்" என்று பெரியவர்கள் டீ குடித்தார்கள். ஜனவரியின் இரண்டாம் ஞாயிறு, இல்லத்து வார்டன் அம்மா பொருட்களை வாங்க வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. வண்டியிலிருந்து ஒரு பெரிய மூட்டையை இறக்கி வைத்தார். கடல் நீலம் எட்டிப் பார்த்தது.

"கோவிச்சுக்காதீங்க சார். இத நீங்களே வெச்சுக்கோங்க," என்றார். "பஸ் ஸ்டாப்புல பசங்க நம்பர சத்தம் போட்டுப் படிக்கிறானுங்க. பிள்ளைங்க உள்பக்கத்த வெளிய திருப்பிப் போட்டுக்கிட்டுப் போச்சுங்க. யூனிஃபார்ம் சரியில்லன்னு ஸ்கூல்ல வெளிய நிறுத்திட்டாங்க. இப்ப ஸ்வெட்டரே வேணாம்னு நடுங்கிக்கிட்டுப் போவுதுங்க."

நான் மூட்டையை ஓரமாகத் தள்ளினேன். வார்டன் அம்மா விடவில்லை. "அந்த அக்கா எங்க சார்? அவங்க அனுப்பின மூட்டைய நாங்க பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டோம். கட்டு பிரிக்காம பிள்ளைங்க கையிலயே குடுத்திடுவோம். அதுங்களும் கடையில வாங்கின மாதிரி எடுத்துப் போட்டுக்கும். போன மாசம் வந்ததுல பாதிய எரிச்சோம்."

அந்த அம்மா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் விஷயம் உறைத்தது. இல்லத்தில் ஒரு பிள்ளை கையில் துணி வாங்கும்போது கூசாமல் வாங்கியிருக்கிறது என்றால், அது எங்கள் தாராள மனசால் இல்லை, எங்கள் ஜெபத்தாலும் இல்லை. இரண்டு பஸ் மாறி வந்து எங்களைத் திட்டிய ஒருத்தியால். அவரைத்தான் அழகான கையெழுத்தில் வெளியே அனுப்பியிருக்கிறேன்.

மூட்டையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பொம்மனஹள்ளிக்குப் போனேன். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக நின்ற சந்து. அக்கா குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தார்.

"கமிட்டி அனுப்புச்சா?"

"இல்லக்கா. நானா வந்தேன்."

"லேஅவுட் ஐயாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சா தெரியட்டும்! அந்தாளு என்ன வானத்துல இருந்தா குதிச்சாரு?" நான் கத்திய கத்தலில் குழாயடிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

வார்டன் அம்மா சொன்னதைச் சொன்னேன். அக்கா குடத்தை அப்படியே விட்டுவிட்டு, சந்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கூப்பிட்டுக்கொண்டே போனார். லட்சுமி வந்தாள், மும்தாஜ் வந்தாள், கன்னடம் மட்டுமே பேசும் கௌரம்மா வந்தார். எல்லோரும் அதே கம்பெனியில் தைக்கிறவர்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே லீவு நாள் அது. நூல் வெட்டும் குட்டிக் கத்தரியோடு உட்கார்ந்து, பின்பக்கத்து நூலை அறுத்து, முன்பக்கத்து மஞ்சளை உருவினார்கள். எங்கள் சபையின் உதவி ஊழியம் அன்று முழுக்க எங்கள் சபையில் பெயரில்லாதவர்கள் கையால் நடந்தது.

என்னிடமும் ஒரு கத்தரி தரப்பட்டது. ஒரு மணி நேரத்தில் நான் போன் நம்பரின் முதல் எண்ணை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் ஒரு ஓட்டையும் போட்டிருந்தேன். அக்கா பிடுங்கிக்கொண்டு, "போய்க் குடத்தப் புடிங்க" என்றார். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்தது. ஊசித் துளை தெரியாமல் இருக்க, கௌரம்மா ஒவ்வொன்றையும் நகத்தால் நீவி மடித்தார். மறுநாளே நான் அவற்றை இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த கமிட்டியில் நானே எழுந்து, செய்ததைச் சொன்னேன். லேஅவுட் ஐயாவும் வந்திருந்தார். "யாரைக் கேட்டு என் பெயரைப் பிரிச்சே?" என்றார்.

"அந்தப் பிள்ளைங்களைக் கேட்டு," என்றேன். "உங்க நம்பர் ஊருக்குத் தெரியணும்னா உங்க முதுகுல தெச்சுக்கோங்க ஐயா!"

பாஸ்டர் ஐயா கையிலிருந்த டம்ளர் நழுவியது. லேஅவுட் ஐயா அன்றோடு வேறு சபைக்குப் போனார். கூரையும் அவரோடு போனது. பாஸ்டர் ஐயா பழைய தகரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மழைக்கு ரெண்டு வாளி வாங்கி வெச்சுக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதைவிட நல்ல பிரசங்கம் அவர் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அக்காவை நிறுத்திய தீர்மானத்துக்குத் தலையாட்டிய அந்த மனுஷரை நான் மன்னித்தது அன்றைக்குத்தான்.

பிப்ரவரி முதல் ஞாயிறு அக்கா வந்தார். எனக்கு ஒரு நன்றி இல்லை, எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை இல்லை. அறைக் கதவைத் திறந்தார். அவருக்காக நான் அனுப்பாமல் வைத்திருந்ததில் கூரை முட்டக் குவிந்திருந்த மூட்டைகளைப் பார்த்தார். மேஜைமேல் விரலால் ஒரு கோடு இழுத்துத் தூசியைப் பார்த்தார். அதன் பிறகு திட்ட ஆரம்பித்தார். என்னை, கமிட்டியை, எங்கள் வீட்டு அலமாரிகளை, நாங்கள் வளர்ந்த லட்சணத்தை.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். எங்கே நிறுத்திவிடுவாரோ என்ற பயம் ஒன்றுதான் எனக்கு.